நியமன ஆணையோடு முடிந்துவிடும் அக்கறை

2024 ஜூன் 9 அன்று தமிழ்நாட்டில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். தேர்வறைக்கு வந்தவர்கள் மட்டும் 15 லட்சத்துக்கு மேல். முதலில் அறிவித்த பணியிடங்கள் 6,244. துறைகளிலிருந்து கூடுதல் காலியிடங்கள் வரவர, கடைசியில் அது 9,491 ஆனது. அப்படியும் ஓர் இடத்துக்கு 200 விண்ணப்பங்களுக்கு மேல். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், வனக் காப்பாளர் என்று அரசு நிர்வாகத்தின் அடிப்படியில் இருக்கும் வேலைகளுக்குத்தான் இத்தனை கூட்டம். பெரும்பாலும் பத்தாம் வகுப்பே போதும் என்கிற பதவிகளுக்குப் பொறியியல் முடித்தவர்களும் முதுகலை படித்தவர்களும் நூலகங்களில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள்.

ஆளெடுக்கும் முறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1929இல் சென்னை மாகாணத்தில் அமைந்த பணியாளர் தேர்வாணையம்தான் இந்தியாவில் மாகாண அளவில் முதலாவது. வினாத்தாள், விடைத்தாள், இனச்சுழற்சி, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்று விதி இருக்கிறது. தவறு நடக்காமல் இல்லை. 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு வெளிவந்து, 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. ஆனால், அந்தத் தவறு வெளிவந்தது என்பதும், தண்டனை உடனே வந்தது என்பதும் முக்கியம். தேர்வின் நேர்மையில் கை வைத்தால் இந்த மாநிலம் பொறுத்துக்கொள்ளாது. குக்கிராமத்துத் தினக்கூலித் தொழிலாளியின் மகள் யாருடைய சிபாரிசும் இல்லாமல் அரசு நாற்காலியில் உட்கார முடிகிறது என்றால், அதற்குக் காரணம் இந்தக் கண்டிப்புதான்.

இவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவரை, நியமன ஆணையைக் கையில் கொடுத்த நாளிலிருந்து அரசு ஏறத்தாழ மறந்துவிடுகிறது. அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தோம், எங்கே அமர்த்தினோம், எவ்வளவு வேலை தந்தோம், எப்படி மதிப்பிட்டோம், எந்த அடிப்படையில் இடம் மாற்றினோம் என்ற கேள்விகளில் தேர்வாணையத்தின் கண்டிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிர்வாகத்தின் மீது மக்களுக்கு இருக்கும் கோபத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

முதல் நாள் மேசை

வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேரும் ஒருவரின் முதல் வாரத்தைப் பாருங்கள். பணியேற்பு அறிக்கை எழுதிக் கொடுத்ததும் ஒரு பிரிவு ஒதுக்கப்படும். பல மாதங்களாக ஆளில்லாமல் பக்கத்து மேசைக்காரர் கூடுதலாகப் பார்த்துவந்த பிரிவாக அது இருக்க வாய்ப்பு அதிகம். மேசை மீது ஒரு தன்பதிவேடு, கட்டுக்கட்டாக நிலுவைக் கோப்புகள், மேலிடத்திலிருந்து வந்த நினைவூட்டுகள். சென்னை மாகாணக் காலத்தில் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் வழங்கிய அலுவலக நடைமுறைதான் இந்தத் தன்பதிவேட்டுக்கும் நடப்புக் கோப்புக்கும் மூலம். இப்போது மின் அலுவலகம் வந்திருக்கிறது; கோப்பு திரைக்கு மாறியிருக்கிறது. ஆனால், ஒரு மனுவை எப்படிப் படிப்பது, எந்த விதியின் கீழ் குறிப்பு எழுதுவது, எதிரே நிற்கும் மூதாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்பதையெல்லாம் புதியவர் பக்கத்து மேசையிலிருந்துதான் கற்றுக்கொள்கிறார். பக்கத்து மேசைக்காரர் நல்லவராக வாய்த்தால் நல்ல பழக்கம் வரும். மனுதாரரை நாலு முறை அலையவிடுவதுதான் அலுவல் என்று நினைப்பவராக இருந்தால், அதுவும் வந்துசேரும்.

பயிற்சிக்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் அரசு அலுவலர் பயிற்சி நிலையம் இருக்கிறது. சென்னையில் அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரி இருக்கிறது. இளநிலை உதவியாளர்களும் உதவியாளர்களும் தகுதிகாண் பருவத்தை முடிக்கப் பவானிசாகர் அடிப்படைப் பயிற்சி கட்டாயம். ஆனால், முதலில் சேர்ந்து வேலை பார், இடம் கிடைக்கும்போது பயிற்சிக்குப் போ என்ற வரிசையில்தான் பலருக்கும் அது நடக்கிறது. அதற்குள் ஊழியருக்குப் பழக்கங்கள் இறுகிவிடுகின்றன. அதன் பிறகு அவர் எழுதும் துறைத் தேர்வுகளோ விதி நூலை எவ்வளவு படித்திருக்கிறார் என்பதைத்தான் சோதிக்கின்றன. மக்களோடு பேசும் திறனை, தரவைப் படிக்கும் திறனை, நெருக்கடியில் முடிவெடுக்கும் திறனை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. ஒன்றிய அரசு 2020இல் கொண்டுவந்த ‘கர்மயோகி’ திட்டம் இணையவழிப் பாடங்களைக் குவித்துவைத்திருக்கிறது. பாடம் முடித்த சான்றிதழால் மட்டும் வேலை மேம்பட்டுவிடாது. வேலைக்குச் சேருமுன் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும்.

கூடுதல் பொறுப்பு எனும் நோய்

அரசு அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘கூடுதல் பொறுப்பு’. ஒரு கிராம நிர்வாக அலுவலர் தன் கிராமத்தோடு பக்கத்துக் கிராமத்தையும் சேர்த்துப் பார்க்கிறார் என்றால், என்ன பொருள்? இரண்டு ஊர்களுக்கும் வாரத்தில் பாதி நாள்தான் அலுவலர் இருக்கிறார். சாதிச் சான்றுக்குக் காத்திருக்கும் மாணவரும், வாரிசுச் சான்றுக்கு அலையும் விதவையும், பட்டா மாறுதலுக்கு வந்த விவசாயியும் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். இதற்கு நடுவில் பயிர்க் கணக்கு, வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பு, தேர்தல் பணி. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது அந்தச் சுமையும் கிராம நிர்வாக அலுவலர்கள், ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் தலையில்தான் விழுந்தது. வெவ்வேறு மாநிலங்களில் இதே பணியிலிருந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர்களின் மரணச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. கூடுதல் ஊழியர்களை அமர்த்திச் சுமையைக் குறையுங்கள் என்று டிசம்பரில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஓர் ஊழியர் ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்ற எளிய கணக்கை நீதிமன்றம் நினைவூட்டும் நிலை வந்தது நிர்வாகத்துக்குப் பெருமை சேர்ப்பதில்லை.

காலியிடம் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. ஓர் ஊழியர் எந்தத் தேதியில் ஓய்வுபெறுவார் என்பது அவர் பணியில் சேரும் நாளிலேயே பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் தெரிந்துவிடுகிறது. ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தில் ஊழியர்களின் பணிப்பதிவேடுகள் கணினியில் ஏறியிருக்கின்றன; சம்பளப் பட்டியல் அதன் வழியாகத்தான் போகிறது. ‘களஞ்சியம்’ செயலி ஒவ்வொருவர் கைபேசியிலும் இருக்கிறது. அதே தரவைக் கொண்டு, அடுத்த ஐந்தாண்டுகளில் எந்த மாவட்டத்தில் எந்தப் பதவியில் எத்தனை இடம் காலியாகும் என்று ஒரு பிற்பகலில் கணக்கிட்டுவிடலாம். தரவு இருந்தும் திட்டமிடல் இல்லை.

திட்டமிடாமைக்கு நாம் கொடுத்த விலை சிறியதல்ல. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி 2001 இறுதியில் விதித்த பணி நியமனத் தடை 2006இல்தான் நீங்கியது. அந்த ஆண்டுகளில் சேர்ந்திருக்க வேண்டியவர்கள் சேரவில்லை. அவர்கள் இருந்திருந்தால் இன்று அனுபவம் வாய்ந்த கண்காணிப்பாளர்களாக, துணை வட்டாட்சியர்களாக இருந்திருப்பார்கள். அந்த இடைவெளி இன்றைக்கும் அலுவலகங்களின் நடுவில் பள்ளமாகக் கிடக்கிறது. பின்னர் ஓய்வு வயது 2020இல் 58லிருந்து 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஓய்வுபெறுவோர் எண்ணிக்கை குறைந்தது. பணப்பலன் செலவு தள்ளிப்போனது. இளைஞர்களின் காத்திருப்பு நீண்டது. தடை விதித்ததும் சரி, வயதை உயர்த்தியதும் சரி, கருவூலத்தின் தேவைக்காக எடுத்த முடிவுகள். மக்களுக்கு எத்தனை ஊழியர்கள் தேவை என்ற கேள்வி அந்த முடிவுகளில் முன்னால் நிற்கவில்லை.

ஒப்பந்தம் என்னும் பக்கவாசல்

நிரந்தர இடத்தை நிரப்பத் தயங்கும் அரசு, வேலையை நிறுத்த முடியாது. ஆகவே ஒப்பந்தம், தொகுப்பூதியம், தினக்கூலி, வெளிமுகமை என்ற பக்கவாசல்கள் திறக்கின்றன. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து அந்த ஊதியம் 12,500ஐ எட்டியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வருவதும், கைதாகி மண்டபங்களில் அடைக்கப்படுவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய போட்டித் தேர்வில் வென்ற செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் யாரும் பின்வாசல் வழியாக வந்தவர்கள் அல்லர். அரசு நடத்திய தேர்வை எழுதி, அரசு போட்ட மதிப்பெண்ணில் வென்று வந்தவர்கள். அவர்களுக்கு அருகிலேயே அதே வார்டில், அதே இரவுப் பணியில், அதே மருந்தைச் செலுத்தும் நிரந்தரச் செவிலியர் பல மடங்கு சம்பளம் வாங்குகிறார். நிரந்தர ஊழியருக்கு ஓராண்டு மகப்பேறு விடுப்பை 2021இல் அரசு அறிவித்தது. ஒப்பந்தச் செவிலியர்களோ சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்புக்கே உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.

2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பைத்தான் அரசுகள் கேடயமாகப் பிடிக்கின்றன. முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள் நிரந்தரம் கோர உரிமையில்லை என்பது அதன் சாரம். சமவாய்ப்பைக் காப்பதற்காக வந்த தீர்ப்பு அது. ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிவிட்டுக் கைகழுவுவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டுகள் துப்புரவுப் பணியும் தோட்டப் பணியும் செய்தவர்கள் 2018இல் ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்ட வழக்கு அது. அவர்கள் செய்தது அன்றாடம் தேவைப்படும், முடிவே இல்லாத வேலை. அதற்குத் தற்காலிகம் என்று பெயர் சூட்டி உரிமையைப் பறிக்க முடியாது என்று சொல்லி, அவர்களைப் பணிவரன்முறைப்படுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் உட்கார்ந்திருந்ததன் பின்னணியும் இதே கேள்விதான். நகரத்தின் குப்பை தற்காலிகமானது அல்ல. அதை அள்ளும் கை மட்டும் ஏன் தற்காலிகம்?

மாறுதலும் மதிப்பீடும்

இடமாறுதல் நிர்வாகத்துக்குத் தேவையான கருவி. அதைப் பரிசாகவும் தண்டனையாகவும் வணிகமாகவும் ஆக்கியதுதான் கேடு. ஹரியானாவின் அசோக் கெம்கா 34 ஆண்டுப் பணியில் ஐம்பது முறைக்கு மேல் மாற்றப்பட்டு, 2025 ஏப்ரலில் ஓய்வுபெற்றார். ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே இந்தக் கதி என்றால், மாவட்ட அலுவலகத்தில் ஓர் உதவியாளர் யாரைப் பகைத்துக்கொள்ள முடியும்? முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில், அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலமும் அவர்களது மாறுதலைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணிகள் வாரியமும் வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விதிகள் வந்தன, அவற்றின் ஆவி வரவில்லை.

நல்ல முன்னுதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடக்கும் பொது மாறுதல் கலந்தாய்வில் காலியிடங்கள் திரையில் தெரிகின்றன; முன்னுரிமை விதி எல்லோருக்கும் தெரிகிறது; தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை ஓர் ஆசிரியர் புரிந்துகொள்ள முடிகிறது. நிர்வாக மாறுதல் என்ற ஓட்டை அதிலும் உண்டு. ஆனாலும், பரிந்துரைக் கடிதத்துக்காக அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய விடுதலை. வருவாய், ஊரக வளர்ச்சி போன்ற துறைகளுக்கு இதை விரிக்க எந்தச் சட்டம் தடுக்கிறது?

மதிப்பீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஆண்டு முடிவில் மேலதிகாரி எழுதும் குறிப்பு, நெடுங்காலம் ரகசியமாக இருந்தது. ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், எல்லோரையும் ‘மிக நன்று’ என்று எழுதி அனுப்புவதே இன்றும் நடைமுறை. நேர்மையாக உழைப்பவருக்கும் ஒப்புக்கு வந்துபோகிறவருக்கும் ஒரே ஊதிய உயர்வு, ஒரே வரிசையில் பதவி உயர்வு. அந்த வரிசையும் நிம்மதியாக நகர்வதில்லை. பணிமூப்பைத் தேர்வின் தரவரிசைப்படி நிர்ணயிப்பதா, இனச்சுழற்சி வரிசைப்படி நிர்ணயிப்பதா என்ற சிக்கலில், 2016ஆம் ஆண்டுப் பணி நிபந்தனைகள் சட்டத்தின் பிரிவுகளை 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. பட்டியல்கள் மாற்றி எழுதப்பட்டன. பலரது பதவி உயர்வு கேள்விக்குள்ளானது. சமூகநீதியும் பணிமூப்பும் மோதிக்கொள்ளாத வகையில் விதியை முன்கூட்டியே தெளிவாக எழுதியிருந்தால், ஊழியர்கள் தங்கள் பணிக்காலத்தின் நல்ல ஆண்டுகளை வழக்கறிஞர் அலுவலகங்களில் கழித்திருக்க மாட்டார்கள்.

ஒழுங்கு நடவடிக்கைக்கும் இதே கதைதான். ஒழுங்கு விதிகளில் 17(பி)இன் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுப்பது எளிது; விசாரணையை முடிப்பதுதான் நடப்பதில்லை. கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்கும். பிறகு பணி நிறைவு நாளன்று, பாராட்டு விழாவுக்கு மாலை வாங்கி வைத்த பிறகு, மாலை நேரத்தில் இடைநீக்க ஆணை வரும். இந்த வழக்கத்தைத் தவிர்க்க 2021இல் அரசு ஆணை பிறப்பித்தது வரவேற்கத்தக்கது. குற்றம் செய்தவருக்குத் தண்டனை உடனே கிடைக்க வேண்டும். செய்யாதவர் உடனே விடுவிக்கப்பட வேண்டும். தாமதம் இருவரையும் ஒரே நிலையில் வைத்துவிடுகிறது. லஞ்சம் வாங்குபவருக்கு அந்தத் தாமதம்தான் பெரிய பாதுகாப்பு.

செலவு என்ற வாதம்

இதையெல்லாம் சொன்னால், சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே வருவாய் போய்விடுகிறது, இன்னும் ஆளெடுத்தால் மாநிலம் தாங்குமா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால், காலியிடத்துக்கும் செலவு உண்டு. அது அரசின் வரவு செலவில் ஏறாமல், ஒரு நாள் கூலியை விட்டு மூன்று முறை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வரும் ஏழையின் கணக்கில் ஏறுகிறது. இடைத்தரகருக்குக் கொடுக்கும் பணமாக ஏறுகிறது. ஓர் இரவில் ஐம்பது நோயாளிகளைப் பார்க்கும் செவிலியரின் உடல்நலத்தில் ஏறுகிறது. எல்லாப் பதவியும் இன்றைக்கும் தேவை என்று நான் வாதிடவில்லை. கணினி வந்த பிறகு சில பதவிகளுக்கு வேலை குறைந்திருக்கிறது. மருத்துவமனை, நகராட்சி, சமூகநலம் போன்ற இடங்களில் வேலை பெருகியிருக்கிறது. எங்கே கூடுதல், எங்கே குறைவு என்பதை அளந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும். அந்த அளவீடே நடப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

ஊழியர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. 2022இல் பணி நியமன முறைகளை ஆராய அரசாணை 115இன்படி ஒரு குழு அமைந்தபோது, வெளிமுகமைக்கு வழிவகுக்கும் என்று சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அதன் ஆய்வு வரம்புகளை அரசு திரும்பப் பெற்றது. சங்கங்களின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2003 வேலைநிறுத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்கள். ஆனால், சீர்திருத்தம் என்றாலே ஆட்குறைப்பு என்று எதிர்த்து நிற்பது மட்டும் போதாது. வேலை அளவீடு, வெளிப்படையான மாறுதல், நேர்மையான மதிப்பீடு ஆகியவற்றைச் சங்கங்களே முன்னெடுத்துக் கேட்க வேண்டும். அவற்றால் முதலில் பயன்பெறுபவர் சிபாரிசு இல்லாத ஊழியர்தான்.

செய்ய வேண்டியவை புதிரானவை அல்ல. ஓய்வுபெறும் தேதிகளைக் கொண்டு ஐந்தாண்டுப் பணியாளர் திட்டத்தை ஒவ்வொரு துறையும் வெளியிட வேண்டும். ஓர் இடம் காலியாகும் முன்பே அதற்கான ஆள் தேர்வாகிப் பயிற்சியில் இருக்க வேண்டும். அடிப்படைப் பயிற்சி முடியாமல் யாரையும் மேசையில் உட்காரவைக்கக் கூடாது. எல்லாத் துறைகளிலும் மாறுதல் கலந்தாய்வு மூலமே நடக்க வேண்டும்; மூன்றாண்டுக்குள் மாற்றினால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். நிரந்தரமான வேலைக்கு ஒப்பந்த நியமனம் இல்லை என்பதை விதியாக்க வேண்டும். போட்டித் தேர்வு எழுதி வந்தவர்களைக் காலவரையறை வைத்து முறைப்படுத்த வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஓராண்டு வரம்பு வேண்டும். அதை மீறும் விசாரணை அதிகாரியிடம் விளக்கம் கேட்க வேண்டும். ஊழியரின் மதிப்பீட்டில், அவர் எத்தனை மனுக்களை எத்தனை நாளில் முடித்தார் என்பதும் இடம்பெற வேண்டும். மின் அலுவலகத்தில் அந்தக் கணக்கு ஏற்கெனவே பதிவாகிறது.

பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை என்று இருந்ததை 2021இல் மனிதவள மேலாண்மைத் துறை என்று அரசு மாற்றியது. அந்தத் துறை, மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் நான்கு எண்களை முன்வைக்கட்டும்: துறைவாரியாகக் காலியிடங்கள், கூடுதல் பொறுப்பில் ஓடும் இடங்கள், ஒப்பந்த ஊழியர்கள், பயிற்சிக்குக் காத்திருப்போர். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் உறுப்பினர்கள் அந்த எண்களை வைத்துக் கேள்வி கேட்கட்டும். தேர்வு முடிவு தாமதமானால் தெருவுக்கு வருகிற நாம், தேர்வானவர்களை அரசு எப்படி நடத்துகிறது என்பதற்கும் அதே அளவு குரல் கொடுத்தாக வேண்டும். ரேஷன் அட்டையும் பட்டாவும் தடுப்பூசியும் நம் கைக்கு வந்துசேர்வது அவர்கள் மூலமாகத்தான்.